பட்டறைக்குத்தான் போவாய் என்று சொன்ன டீச்சர்

(கோயம்புத்தூர் மாவட்டத்தில் நடைபெற்ற அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் அரசு உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

பயிற்சியின் மூன்றாம் நாள், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச அழைத்திருக்கிறார்கள். அது கௌரவமா, தண்டனையா என்று உங்களுக்கே தெரியும். கண்ணை மூடிக் கேட்பவர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

எனக்குத் தந்த தலைப்பு, ‘நம் வட்டாரத் தொழில்நுட்பத் துறைக்கு நாளைய தலைவர்களை உருவாக்குதல்’. இதைப் பார்த்ததும் கோட் போட்டவர்கள் பேச வேண்டிய தலைப்பு என்றுதான் தோன்றியது. நானோ இருபது வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு வெர்னியர் அளவி நடத்திக்கொண்டிருப்பவள். வேண்டாம் என்று சொல்லிவிட நினைத்தேன். பிறகு ஒரு பழைய மாணவன் நினைவுக்கு வந்தான். அவனுக்கு நான் செய்த ஒரு தவற்றைப் பற்றிப் பேசலாம் என்றால் வருகிறேன் என்றேன். சரி என்றார்கள்.

நான் பணியில் சேர்ந்து மூன்றாவதோ நான்காவதோ வருடம். எங்கள் பள்ளியைச் சுற்றி நான்கு பக்கமும் பட்டறைகள். காலை இறைவணக்கம் நடக்கும்போதே பின்பக்கத்துத் தெருவில் லேத் ஓடும் சத்தம் கேட்கும். பத்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கடைசி வரிசை. விடைத்தாளில் பாதிப் பக்கம் வெள்ளையாக இருக்கும். அரையாண்டுத் தேர்வுத் தாளைக் கொடுக்கும்போது எல்லார் முன்னாலும் சொன்னேன்: “இப்படியே இருந்தா நீ லேத் பட்டறைக்குத்தான் போவ.” வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். நான் அத்தோடு மறந்துவிட்டேன்.

நாம் எல்லோரும் சொல்லும் வார்த்தைதான் அது. படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று நம் ஆசிரியர்கள் சொன்னார்கள். இந்த ஊருக்கு வந்ததும் மாடு போய் லேத் வந்துவிட்டது. அந்த வகுப்பில் இருந்த நாற்பது பேரில் பாதிப் பேருடைய அப்பா அந்த நேரத்தில் ஏதோ ஒரு லேத்தின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம். எங்கள் வளாகத்திலேயே தொடக்கப் பள்ளியும் இருக்கிறது. ஒருவர் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தார். “டீச்சர், என்னைத் தெரியுதுங்களா?” என்றார். தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் தெரிந்தது. “நீங்க சொன்ன மாதிரியே பட்டறைக்குத்தானுங்க போனேன்” என்றார், சிரித்துக்கொண்டே. இப்போது சொந்தமாக வைத்திருக்கிறார். இரண்டு சி.என்.சி. இயந்திரம், ஒரு பழைய லேத், ஐந்து பேருக்குச் சம்பளம். பம்பு கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிறார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பங்கு அதில் எதுவும் இல்லை என்றாலும் ஆசிரியருக்குப் பெருமை தானாக வந்துவிடும். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார்: “எம் பொண்ணுகிட்ட மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லிராதீங்க டீச்சர். அவ அப்பா பட்டறைக்காரன்னு எல்லார்கிட்டயும் சந்தோசமா சொல்லிட்டு இருக்கா.”

அன்றிரவு நான் தூங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தூங்கினேன். ஆனால் அடுத்த நாள் வகுப்பறையில் நுழையும்போது பின்தெருவிலிருந்து வந்த அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்டது.

இந்த ஊரின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது, ஏனென்றால் நாம் சொல்வதில்லை. 1888இல் இங்கே ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை வந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது. மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில் பெருகினால் உடைந்த பல்சக்கரத்தைச் சரிசெய்ய ஆள் வேண்டும், வார்ப்படம் வேண்டும், லேத் வேண்டும். இன்னொரு பக்கம், கொங்கு நாட்டு விவசாயி கிணற்றை நம்பியவர். கவலை ஏற்றம் இறைத்த கிணற்றில் மோட்டார் வைக்க முடியும் என்று ஆனதும் பம்பு செய்யும் தொழில் பிறந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கே மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். 1955இல் சபாபதி என்பவர் இங்கே மாவாட்டும் கிரைண்டரை உருவாக்கினார். இன்று ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்ற பொருள். நம் வீட்டு இட்லிக்கும் இந்த ஊர்ப் பட்டறைக்கும் உள்ள உறவு அது.

ஜி.டி. நாயுடு பள்ளியில் அதிகம் படித்தவர் இல்லை. கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவைக்கு வந்து உணவகத்தில் வேலைபார்த்துப் பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கி, கழற்றிப் போட்டுப் பார்த்தவர். 1920இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். இந்தக் கதையை நாம் ‘பள்ளிக்கூடமே தேவையில்லை’ என்பதற்கு ஆதாரமாகச் சொல்கிறோம். அது தவறு. அவரே பிற்காலத்தில் தொழிற்பயிற்சிக்கும் பொறியியல் படிப்புக்கும் நிறுவனங்கள் தொடங்கியவர். பள்ளி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கையால் தொடாத படிப்பு போதாது என்பதைத்தான் அவர் கதை சொல்கிறது.

அதே ஊரில் இன்னொரு குடும்பம். பீளமேட்டில் நான்கு சகோதரர்கள் சொத்தைப் பிரிக்கும்போது ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கு வைத்தார்கள். 1926இல் அப்படித்தான் பி.எஸ்.ஜி. அறநிலையம் வந்தது. அவர்கள் நடத்திய தொழிற்கூடத்தில் ஒரு பக்கம் உற்பத்தி, இன்னொரு பக்கம் படிப்பு. விற்பனைக்குப் போகும் பொருளையே மாணவர்கள் செய்து பழகினார்கள். 1951இல் அங்கே பொறியியல் கல்லூரி வந்தபோது அதன் முதல்வராக இருந்த ஜி.ஆர். தாமோதரன், ‘கலைக்கதிர்’ என்ற அறிவியல் இதழைத் தமிழில் நடத்தினார். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

அந்தக் காலத்து மில்களிலும் பட்டறைகளிலும் ஹெல்பராகச் சேர்ந்து, டர்னராகி, மேஸ்திரியாகி, பிறகு வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்து ஒரு லேத்துடன் தொழில் தொடங்கிய பலர்தான் இன்று நாம் பெயர்ப்பலகையில் பார்க்கும் கம்பெனிகளை உண்டாக்கினார்கள். ஒரு பட்டறை இன்னொரு பட்டறையைப் பெற்றது. இந்த ஊரில் தலைவர்கள் அப்படித்தான் உருவானார்கள்.

இப்போது அந்தச் சங்கிலி எங்கோ அறுகிறது. என் பழைய மாணவரைப் பார்க்க அவர் பட்டறைக்கே ஒரு நாள் போனேன். பக்கத்துப் பட்டறை முதலாளிக்கு அறுபத்தைந்து வயது. மகன் வெளிநாட்டில் மென்பொருள் வேலை. “எனக்கப்புறம் பூட்டுதானுங்க” என்றார். அவரிடம் இருபது வருடமாக வேலை பார்க்கும் ஃபிட்டர் இருக்கிறார். கையில் வித்தை இருக்கிறது. “அவரே எடுத்து நடத்தட்டுமே” என்று கேட்டேன். “வேலை தெரியும். நடத்தத் தெரியாதே” என்றார்.

இந்த ‘நடத்தத் தெரியாது’ என்பதற்கு என்ன பொருள் என்று என் மாணவரிடம் கேட்டேன். அவர் தன் கதையையே சொன்னார். தொழில் தொடங்கிய முதல் வருடம் இருநூறு புஷ் செய்துகொடுக்கும் ஆர்டர் வந்ததாம். கூட்டிப் பார்த்து, ஒன்றுக்கு மூன்று ரூபாய் லாபம் வரும் என்று விலை எழுதிக் கொடுத்தார். முடித்தபோது கைநட்டம். ஏன் என்று புரிந்துகொள்ள இரண்டு மாதம் ஆயிற்றாம். “லாப நட்டம் நீங்கதானே டீச்சர் நடத்துனீங்க, அதுல இதெல்லாம் வரலியே” என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு வலித்தது. அந்த வருடம் எட்டாம் வகுப்பில் கணிதமும் நான்தான் எடுத்தேன். நான் நடத்திய லாப நட்டத்தில் ஒரு பழ வியாபாரி மாம்பழம் வாங்குவார், விற்பார். மாம்பழம் செய்ய மின்சாரம் வேண்டாம், கூர் மழுங்கும் கருவி வேண்டாம்.

அந்தக் கணக்கை வகுப்பில் போட்டுப் பார்த்தேன். எண்களை எளிதாக்கிக்கொண்டேன். உங்கள் வகுப்பிலும் போடலாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு புஷ்ஷுக்கு மூலப்பொருள் 55 ரூபாய். இயந்திரம் ஒரு மணி நேரம் ஓட 400 ரூபாய் ஆகிறது, ஒரு புஷ் செய்ய 6 நிமிடம். அப்படியானால் இயந்திரச் செலவு 40 ரூபாய். மொத்தம் 95. விலை 98 என்று எழுதிக் கொடுத்தால் லாபம் 3. வகுப்பு முழுக்க இதைச் சரியாகப் போட்டது. அடுத்து ஒரு வரி சேர்த்தேன்: செய்வதில் நூற்றுக்கு ஐந்து அளவு தப்பி, கழிவுக்குப் போகும். 200 நல்ல புஷ் கொடுக்க எத்தனை செய்ய வேண்டும்?

முதலில் எல்லோரும் 210 என்றார்கள். 210இல் 5 விழுக்காடு கழித்தால் 199.5தானே வருகிறது என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். அப்படியென்றால் 211. செலவு 211 பெருக்கல் 95, அதாவது 20,045 ரூபாய். வரவு 200 பெருக்கல் 98, அதாவது 19,600. நட்டம் 445 ரூபாய். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. எல்லோரும் சரியாகப் போட்ட கணக்கு எப்படி நட்டத்தில் முடிந்தது என்று அவர்களால் நம்ப முடியவில்லை. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “டீச்சர், அந்தப் பதினொண்ணையும் சும்மா வீசிருவாங்களா? எங்கப்பா பழைய இரும்புக் கடைக்குப் போடுவாருங்க.” இதை நான் யோசிக்கவே இல்லை. ஒன்று பத்து ரூபாய்க்குப் போகும் என்று வைத்துக்கொண்டோம். 110 ரூபாய் வந்தது. நட்டம் 335 ஆகக் குறைந்தது. அந்தப் பெண் கணிதத்தில் முப்பது மதிப்பெண்ணைத் தாண்டாதவள். அந்த வகுப்பில் விலை எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

நான் இத்தனை நேரம் இந்த ஒரு கணக்கில் நின்றதற்குக் காரணம் உண்டு. தலைமைப் பண்பு என்று சொன்னால் நாம் மேடைப் பேச்சு, மாணவர் தலைவர் தேர்தல் என்று போய்விடுகிறோம். நம் வகுப்புத் தலைவருக்கு நாம் கொடுக்கும் வேலை என்ன? ஆசிரியர் இல்லாதபோது பேசுகிறவர் பெயரைப் பலகையில் எழுதுவது. யோசித்துப் பாருங்கள், பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் ஒரு பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுக்கும் தலைமை, அடுத்தவன் பெயரை எழுதிக் கொடுப்பது. அவன் சூப்பர்வைசர் ஆனால் அதைத்தான் செய்வான்.

எங்கள் பள்ளியில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைத் தினமும் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். தண்ணீர் வழிந்து ஓடும்போதுதான் யாராவது ஓடுவார்கள். எட்டாம் வகுப்பில் நான்கு பேரிடம் ‘இதற்கு நீங்கள்தான் பொறுப்பு, என்ன செய்வீர்களோ தெரியாது’ என்று சொன்னோம். சுவிட்சைத் தொடுவது மட்டும் அலுவலக உதவியாளர். மற்ற எல்லாம் அவர்கள். தொட்டி 2,000 லிட்டர். காலியாக இருந்து நிரம்ப 50 நிமிடம் என்று அளந்தார்கள். நிமிடத்துக்கு 40 லிட்டர். சராசரியாக எவ்வளவு நேரம் வழிகிறது என்று ஒரு வாரம் குறித்தார்கள், 20 நிமிடம். அதாவது தினமும் 800 லிட்டர் சாக்கடைக்கு. இந்த எண்ணைத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சொன்னது ஏழாம் வகுப்பு வரை வாய் திறக்காத ஒரு பையன். அவனை யாரும் தலைவர் என்று நியமிக்கவில்லை. அவனிடம் எண் இருந்தது, அதனால் அவன் பேசினான்.

அந்த மோட்டாரே பிறகு எங்களுக்கு ஒரு பாடமாக ஆனது. ஒரு நாள் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. பிளம்பர் வந்து குழாயில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போட்டார், வந்தது. ஏன் என்று கேட்டேன். பம்பு காற்றை இழுக்காது, உள்ளே தண்ணீர் இருந்தால்தான் சுழலும் சக்கரம் அதைத் தள்ளி, பின்னால் அழுத்தம் குறைந்து, வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தம் கிணற்றுத் தண்ணீரை மேலே தள்ளும். இதை நாம் வளிமண்டல அழுத்தம் என்று பாடத்தில் நடத்துகிறோம், பம்பைக் காட்டாமல். அந்த அழுத்தத்தால் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தூக்க முடியாது. நடைமுறையில் ஏழு மீட்டரைத் தாண்டினாலே திணறும். அதனால்தான் நிலத்தடி நீர் கீழே போனதும் மேலே வைத்த மோட்டார் பயனில்லாமல் போய், ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் மோட்டார் வந்தது. அது இழுப்பதில்லை, கீழிருந்து தள்ளுகிறது. இவ்வளவையும் ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி தன் தாத்தாவுக்கு விளக்கிவிட்டு வந்து, “அவருக்கு இது முன்னாடியே தெரியுமாம் டீச்சர், ‘அழுத்தம்’கிற பேருதான் தெரியாதாம்” என்றாள்.

இங்கேதான் ‘கலைக்கதிர்’ நினைவுக்கு வருகிறது. நம் பட்டறைக்காரரிடம் அறிவு இருக்கிறது, சொல் இல்லை. நம் மாணவரிடம் சொல் இருக்கிறது, பொருள் இல்லை. வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.01 செ.மீ., திருகு அளவிக்கு 0.01 மி.மீ. என்று என் வகுப்பில் எல்லோரும் ஒப்பிப்பார்கள். 0.01 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டால் விழிப்பார்கள். தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கித் திருகு அளவியில் வைத்து அளக்கச் சொன்னேன். 0.06, 0.08 என்று வந்தது. தலைமுடியையே ஏழெட்டாகப் பிளந்த ஒரு பங்குதான் 0.01. ‘உங்கள் அப்பா தினமும் இந்த அளவுக்குள்தான் வேலை செய்கிறார்’ என்று சொன்னபோது சில பிள்ளைகளின் முகத்தில் வந்த மாற்றத்தைப் பார்த்தேன். அப்பாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை.

பட்டறைக்குக் கூட்டிப்போன ஒரு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினெட்டுப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், பெற்றோரின் அனுமதிக் கடிதம், காலில் ஷூ, தொங்கும் துப்பட்டா இல்லை, மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. அங்கே வயதான மேஸ்திரி ஒருவர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களில் யாரை முன்னுக்குக் கொண்டுவருவீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். வேகமாக வேலை செய்பவரை என்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: “தப்புப் பண்ணினதும் வந்து சொல்றவனைத்தான் கண்ணு.” ஒருமுறை ஒரு பையன் அளவு தப்பிய ஒரு துண்டைப் பயந்துபோய் நல்ல துண்டுகளோடு கலந்துவிட்டானாம். வாங்கிய கம்பெனி அந்த ஒன்றைக் கண்டுபிடித்து, மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிட்டது. அத்தனையும் மறுபடி ஒவ்வொன்றாக அளந்தார்கள். “அவன் அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு துண்டு நட்டம், அவ்வளவுதான்.”

திரும்பி வரும் வழியில் என் சிவப்பு மை பேனாவை நினைத்துக்கொண்டேன். தப்பு செய்தால் மறைக்க வேண்டும் என்பதை அந்தப் பையன் எங்கே கற்றிருப்பான்? பட்டறையில் இல்லை. அங்கே அவன் போய்ச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நம்மிடம் பத்து வருடம் இருந்தான்.

அதனால் ‘தவறு ஏடு’ என்று ஒன்று தொடங்கினேன். வாரம் ஒரு தவற்றை எழுதி, ஏன் வந்தது என்றும் எழுத வேண்டும். முதல் வருடம் படுதோல்வி. வெள்ளிக்கிழமை காலையில் ஒருவரைப் பார்த்து ஒருவர் தவற்றைக் காப்பியடித்தார்கள். முப்பது பேர் ஒரே தவற்றைச் செய்திருந்தார்கள்! மதிப்பெண் கொடுத்ததால் வந்த வினை. அடுத்த வருடம் மதிப்பெண்ணை எடுத்துவிட்டு, முதல் பக்கத்தில் நானே என் தவறுகளை எழுதி வகுப்பில் படித்தேன். எந்தத் தவற்றை முதலில் எழுதியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது சுமாராக நடக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் எழுதுவதில்லை. எழுதுகிறவர்கள் எழுதுவது உண்மையாக இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நான் பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்பச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 18 வயது நிறையாதவர்களை ஆபத்தான தொழிலில் அமர்த்துவது சட்டப்படி குற்றம். பட்டறை வேலையில் விரல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வார்ப்படச் சாலைப் புகையில் இருமுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பையன் நன்றாக லேத் ஓட்டுகிறான் என்று பத்தாம் வகுப்பில் நிறுத்திவிடும் பெற்றோரிடம் நாம் சண்டை போட்டே ஆக வேண்டும். என் மாணவரே சொன்னார், பன்னிரண்டாவது முடித்து ஐ.டி.ஐ. போயிருந்தால் வரைபடம் படிக்க இரண்டு வருடம் திண்டாடியிருக்க மாட்டேன் என்று. வழிகள் இருக்கின்றன, பெற்றோருக்குத்தான் தெரிவதில்லை. பத்தாவது முடித்து பாலிடெக்னிக் மூன்று வருடம். ஐ.டி.ஐ.யோ பன்னிரண்டாவதோ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அங்கிருந்து பொறியியல் கல்லூரியிலும் நேரடி இரண்டாம் ஆண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு. உயர்கல்வி போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் நம் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். நான் முதல்வன் வகுப்பில் இவற்றைப் படமாகக் காட்டுகிறோம். காட்டுவதோடு நிற்காமல் பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை வாயால் சொன்னால் போதும்.

தொழிலும் மாறுகிறது. மின்சார வாகனத்தில் பிஸ்டன் இல்லை. பிஸ்டன் வளையம் செய்து பிழைத்த பட்டறை இனி என்ன செய்யும்? சூரிய ஒளியில் ஓடும் பம்புக்குள் மின்னணுப் பலகை வந்துவிட்டது. கை வித்தை மட்டும் தெரிந்தவர் நாளைக்கு நிற்க முடியாது. புதிதாகப் படித்துக்கொள்ளத் தெரிந்தவர்தான் நடத்துவார். அந்தப் பழக்கத்தை எந்தப் பட்டறையும் கொடுக்காது. அது நம் வேலை.

இன்னும் இரண்டு கூட்டம் பிள்ளைகள் நம் கண்ணில் படுவதில்லை. ஒன்று பெண்கள். நான் போன பட்டறைகளில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலையில் பெண்கள்தான் அதிகம். அவ்வளவு நுணுக்கமான வேலையைச் செய்பவர் ஒருவர்கூட அங்கே சூப்பர்வைசர் இல்லை. இன்னொன்று, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளரின் பிள்ளைகள். என் வகுப்பில் ஆறு பேர். வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசி, தெருவில் கொங்குத் தமிழ் பேசி, பரீட்சையில் எழுத்துத் தமிழ் எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவன் சென்ற மாதம் தன் அப்பாவுக்கும் பட்டறை முதலாளிக்கும் நடுவில் நின்று, விடுமுறைச் சம்பளப் பிரச்சினையை இரண்டு மொழியில் பேசித் தீர்த்துவைத்தான். பதிமூன்று வயது. தமிழ்த் தேர்வில் அவனுக்கு நான்கு எழுத்துப் பிழைக்கு நான்கு மதிப்பெண் குறைந்திருந்தது. குறைத்தவரைத் தவறு சொல்லவில்லை. இந்த இரண்டும் ஒரே பையன் என்று மட்டும் சொல்கிறேன்.

நேரமாகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்று மட்டும்.

போன ஜனவரியில் அந்தப் பழைய மாணவரை வகுப்புக்கு அழைத்தேன். வர மாட்டேன் என்றார். “நான் போய் என்னங்க டீச்சர் பேசறது?” மூன்று முறை கேட்டபின் வந்தார். சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. பை நிறைய, அளவு தப்பியதால் கழித்துப்போட்ட புஷ்களைக் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கொன்று கொடுத்து, எங்கே தப்பு என்று வெர்னியரை வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னார். அரை மணி நேரம் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. என் வகுப்பில் அப்படி இருந்ததே இல்லை.

கடைசியில் கேள்வி நேரம். ஒரு பையன் எழுந்து, “அண்ணா, நீங்க படிக்கிறப்போ டீச்சர் உங்களை என்ன சொன்னாங்க?” என்று கேட்டான். தவறு ஏட்டின் முதல் பக்கத்தை அவன் மறக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதே பையன் மறுபடி கேட்டான்: “அப்ப நீங்க என்ன நினைச்சீங்க?”

அவர் கையிலிருந்த புஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கப்பா ஞாபகம் வந்துச்சு தம்பி” என்றார். பிறகு மணி அடித்தது. புஷ்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றும் பல பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் அவை இருக்கின்றன.